மாசி பிறந்தால் மட்டும் யானை ஏன் தோட்டத்துக்கு வருகிறது?

பவானிசாகர் பக்கம் வாழை போட்டிருக்கிறேன். கார்த்திகையில் ஒரு தடம்கூட இல்லை, மாசி பிறந்ததும் ராத்திரி 11 மணிக்கு மேல் வந்து மரத்தைச் சாய்த்து, தண்டைத் தின்றுவிட்டு விடியுமுன் போய்விடுகிறது. பகலில் எங்கேதான் இருக்கும்ங்க?

தாளவாடிக்காரன்: வெயில் ஏறினால் ஓடைக்கரை நிழலில் காதை விசிறிக்கொண்டு நிற்கும்ங்க, உடம்புச் சூட்டை அந்தக் காது மடல் ரத்தக்குழாய் வழியாகத்தான் இறக்கும். கோடையில் காட்டுக் குட்டை வற்றி, புல்லும் காய்ந்துவிடும். ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டுமே, அணையைத் தேடித்தான் இறங்குகிறது.

காட்டோரத்தான்: ஆள் நடமாட்டம் அடங்கும்வரை காத்திருக்கும். தயவுசெய்து சாமத்தில் தனியாகத் தண்ணி கட்டப் போகாதீங்க.

கேட்டவர்: சரிங்க. காலையில் வாய்க்கால் சேற்றில் பார்த்தேன், தட்டு அளவுத் தடத்துக்குப் பக்கத்தில் கிண்ணம் அளவில் ஒன்று. குட்டியும் வந்திருக்கிறது. பட்டாசு போட மனசு வரவில்லை.