புதுப்பிப்பு: சேலத்திலிருந்து தரங்கம்பாடிக்குப் போய் வந்தோம்

சேலத்திலிருந்து காரில் சென்று, ஒரே நாளில் தரங்கம்பாடிக் கடற்கரையையும் கோட்டை அருங்காட்சியகத்தையும் பார்த்துத் திரும்ப முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன்; விடியுமுன் கிளம்பினால் முடிகிறது. 1620இல் டேனியர் கட்டத் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டையின் அருங்காட்சியகத்தில் பீங்கான் கலங்களையும் நாணயங்களையும் நிதானமாகப் பார்த்தோம். 1706இல் இக்கரையில் இறங்கிய ஜெர்மானியக் கிறித்தவ மதபோதகர் சீகன்பால்குவின் முயற்சியால் புதிய ஏற்பாடு 1715இல் தமிழில் அச்சேறியது இவ்வூரில்தான் என்பதை என் மகளுக்குச் சொன்னபோது எனக்கே சிலிர்த்தது. ஆயினும் நான் நெடுநேரம் நின்றது, பாண்டியர் காலத்தில் எழுந்து, முன்பகுதியைக் கடலுக்குப் பறிகொடுத்த மாசிலாமணிநாதர் கோயிலின் அருகில்தான். சேர்வராயன் மலையையே பார்த்து வளர்ந்த எங்களுக்கு, கடல் கல்லையும் தின்னும் என்பது அங்கேதான் புரிந்தது. பூம்புகாருக்கு நேரம் போதவில்லை. அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.