அஞ்செட்டி பக்கம் போக பைக்குக்குத் தனி ஜிபிஎஸ் கருவி வாங்கணுமா, போனே போதுமா?

ராயக்கோட்டை சொட்டுநீர்:
எல்லாருக்கும் வணக்கம். நான் சொட்டுநீர்ப் பாசன சர்வீஸ் வேலைல இருக்கேன். ராயக்கோட்டை, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம், இந்தப் பக்கம் மாரண்டஅள்ளி, பாலக்கோடு, பென்னாகரம்னு தினமும் சுத்தணும். வண்டி 125 சிசி. ஹேண்டில்பார்ல போன் மாட்டி மேப் பார்த்துத்தான் போறேன்.

தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டி மலைப்பாதைல இறங்கினதும் டவர் போயிடுது, மேப்பும் போயிடுது. உச்சி வெயில்ல ஸ்க்ரீன் மங்கி ஒண்ணுமே தெரியல, போன் சூடாகி சார்ஜ் ஏறுறதும் நின்னுடுது. மழைன்னா கவர்ல போட்டுக்கிட்டு விரல் வச்சா வேற எங்கயோ தொட்ட மாதிரி ஓடுது. இதுக்கு மேல, விவசாயிங்க சொல்ற கொட்டாய் (தோட்டத்தை ஒட்டின சின்னக் குடியிருப்பு) பேரை மேப்ல தேடினா ஒரே பேர்ல பல ஊர் வருது, இல்லன்னா ஒண்ணுமே வரல.

பெங்களூர்ல இருக்கிற சிநேகிதன் கார்மின் ஜூமோ எக்ஸ்டின்னு பைக்குக்கான ஜிபிஎஸ் கருவி ஒண்ணை வாங்கச் சொல்றான். விலை என் ஒரு மாசச் சம்பளத்தைத் தாண்டுது. அவ்வளவு போட்டா மேல சொன்னதெல்லாம் தீருமா? உபயோகிச்சவங்க சொல்லுங்க.

பாலக்கோடு ரைடர்:
வாங்குறதப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க ப்ரோ. டவர் போன இடத்துல அந்த நீலப் புள்ளி நகருதா, நின்னுடுதா?

ராயக்கோட்டை சொட்டுநீர்:
கவனிச்சுப் பார்த்தேன். புள்ளி நகருது, ஆனா பின்னாடி ரோடு இல்லாம வெறும் சாம்பல் கலர். சில சமயம் ஸ்க்ரீன் அணைஞ்சு திரும்பப் போட்டா பழைய இடத்துலயே நின்னு, அப்புறம் திடீர்னு தாவுது. இன்னொண்ணு, சார்ஜ் குறி வந்து வந்து போகுது.

பாலக்கோடு ரைடர்:
அப்படின்னா உங்க ஜிபிஎஸ் நல்லாத்தான் இருக்கு. இது தெளிவாயிட்டா பாதிக் கவலை போயிடும்.

செயற்கைக்கோள் சிக்னல் மேல இருந்து கீழ வர்றது மட்டும்தான். போன் அதைக் கேட்டுக் கணக்குப் போட்டு இடத்தைக் கண்டுபிடிக்குது. அதுக்கு டவரும் வேணாம், சிம்மும் வேணாம். டவர் உதவறது ரெண்டு விஷயத்துல. ஒண்ணு, ரோடு படத்தை இறக்கித் தர்றது. இன்னொண்ணு, எந்தச் செயற்கைக்கோள் எங்க இருக்குன்னு முன்கூட்டியே சொல்லி முதல் தடவை இடம் பிடிக்கிறதைச் சுருக்கறது. டவர் இல்லாத இடத்துல போனை ஆன் பண்ணா, அந்தத் தகவலையும் செயற்கைக்கோள்கிட்ட இருந்தே கேட்டு வாங்கணும். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் பாதை விவரத்தை 30 விநாடிக்கு ஒரு தடவை அனுப்புது. நடுவுல மலையோ மரமோ மறைச்சா திரும்ப முதல்ல இருந்து கேக்கணும். அதனால தேன்கனிக்கோட்டைல டவர் இருக்கும்போதே மேப்பைத் திறந்து புள்ளி நிலையா நிக்கட்டும், அப்புறம் மலை இறங்குங்க.

சாம்பல் கலருக்கு மருந்து, மேப்பை முன்னாடியே இறக்கி வைக்கிறது. கூகுள் மேப்ஸ்ல ஆஃப்லைன் மேப் போய் கிருஷ்ணகிரி, தருமபுரி ரெண்டு மாவட்டமும் அடங்கற மாதிரி கட்டத்தை இழுத்து வைஃபைல இறக்குங்க. அப்பப்போ புதுப்பிக்கணும், விட்டா காலாவதி ஆயிடும். கூடவே ஓஎஸ்எம்ஆண்ட் இல்லன்னா ஆர்கானிக் மேப்ஸ்னு ஒரு மேப் செயலி வச்சுக்கோங்க. ரெண்டும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் (பொதுமக்களே சேர்ந்து வரையற இலவச மேப்) தரவுல ஓடுது, முழுசா ஆஃப்லைன்லயே தேடும், வழியும் சொல்லும். தமிழ்நாடு மட்டும் இறக்கிட்டு விட்டுடாதீங்க, கர்நாடகாவும் இறக்குங்க. தளி, அஞ்செட்டி பக்கம் எல்லையை ஒட்டியே ரோடு போகுது.

புள்ளி தாவறதுக்குக் காரணம் பேட்டரி சேவரா இருக்கும். அது ஆன்ல இருந்தா பல போன்ல ஸ்க்ரீன் அணைஞ்சதும் இருப்பிடத்தையும் நிறுத்திடும். அதை அணைச்சுட்டு, மேப் செயலிக்குப் பேட்டரி கட்டுப்பாட்டையும் எடுத்துவிடுங்க.

தேன்கனிக்கோட்டை ஆட்டோ எலெக்ட்ரீஷியன்:
தம்பி, சார்ஜ் குறி வந்து போறது போன் கோளாறு இல்ல, ஒயரிங் கோளாறு. யுஎஸ்பி சாக்கெட்டை எங்க இருந்து எடுத்திருக்காங்கன்னு பாருங்க. நிறைய வண்டில ஹாரன் ஒயரைச் சுரண்டி முறுக்கி டேப் சுத்தி விட்டுடறாங்க. ஒத்தை சிலிண்டர் அதிர்வுல அது கொஞ்ச நாள்ல ஆட ஆரம்பிச்சுடும்.

5 வோல்ட் 2 ஆம்பியர்னா 10 வாட். இழப்பெல்லாம் சேர்த்து 12 வோல்ட் பக்கம் ஒரு ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். பெரிய சுமை இல்ல, ஆனா வழி ஒழுங்கா இருக்கணும். பேட்டரில இருந்து தனி ஒயர், பக்கத்துலயே 2 இல்லன்னா 3 ஆம்பியர் ஃபியூஸ், நடுவுல சாவியோட சேர்ந்து வேலை செய்யற ரிலே. ரிலே இல்லாம நேரா கொடுத்தா வண்டி நிக்கும்போதும் சாக்கெட் கொஞ்சம் கொஞ்சமா பேட்டரியக் குடிக்கும். உங்க 125ல இருக்கிற சின்ன பேட்டரி நாலு நாள் நிறுத்தினா தாங்காது. இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைல மல்டிமீட்டர் வச்சுப் பாருங்க, 13.5க்கும் 14.5க்கும் நடுவுல காட்டணும். அதுக்குக் கீழ இருந்தா மொதல்ல சார்ஜிங்கை சரி பண்ணுங்க. கருவி எத்தனை ஆயிரம் போட்டு வாங்கினாலும் அதுக்கும் இதே கரண்ட்தான் போகணும்.

இன்னொரு விஷயம், இதை எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டே இருக்கேன். நல்ல கேமரா இருக்கிற போனை ஹேண்டில்பார்ல மாட்டாதீங்க. படம் ஆடாம இருக்க லென்ஸையே அசைக்கிற அமைப்பு உள்ள இருக்கு, அதிர்வு அதைக் கெடுக்கும். ஆப்பிள் கம்பெனியே 2021 செப்டம்பர்ல எழுதிப் போட்டிருக்காங்க, பைக் இன்ஜின் அதிர்வு ஐபோன் கேமராவைப் பாதிக்கலாம், நேரா வண்டில மாட்டாதீங்கன்னு. அவங்க பெரிய இன்ஜினைத்தான் முக்கியமா சொல்றாங்க. சின்ன வண்டிக்கு அதிர்வு தாங்கற மவுண்ட் போடச் சொல்றாங்க. நம்ம ரோடு இருக்கிற இருப்புக்கு அந்த மவுண்ட் கண்டிப்பா வேணும்.

ஓசூர் தொலைதூரம்:
நான் ஜூமோ எக்ஸ்டி வச்சிருக்கேன், அதனால நேரா சொல்றேன். நல்ல கருவி. 5.5 அங்குல ஸ்க்ரீன், பளிச்னு வெயில்ல தெரியும், க்ளவுஸ் போட்ட கையால தொடலாம், மழைத்தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது, ஐபிஎக்ஸ் 7 தரம். பைக்ல நிரந்தரமா மாட்டற மவுண்ட்டும் பவர் ஒயரும் கூடவே வரும். உங்க வெயில் பிரச்சினையும் மழைப் பிரச்சினையும் அதோட முடிஞ்சுது. நடுவுல போன் அழைப்பு வந்து மேப் மறையறதும் கிடையாது.

ஆனா உங்க வேலைக்கு வாங்கச் சொல்ல எனக்கு மனசு வரல. வெளிநாட்டுல வித்த கருவில அந்த நாட்டு மேப்தான் ஏத்தியிருப்பாங்க. அமெரிக்காவுல வாங்கினதுன்னா வட அமெரிக்கா இருக்கும், அஞ்செட்டி இருக்காது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை கார்மின் வடிவத்துல இலவசமா இறக்கி மெமரி கார்டுல போட்டுக்கலாம், நான் அப்படித்தான் ஓட்டறேன். அந்த வேலைக்குப் பொறுமை வேணும். அப்படிப் போட்ட பிறகும் உங்க கொட்டாய் பேர் அதுல இருக்காது. யாராவது மேப்ல எழுதி வச்சிருந்தாத்தான் எந்தக் கருவியும் காட்டும். இறக்குமதிக் கருவி கெட்டா இங்க யார் சரி பண்ணுவாங்கன்றதையும் விக்கிறவங்ககிட்ட எழுத்துல வாங்கிட்டு முடிவு பண்ணுங்க. லடாக் வரைக்கும் மழையும் வெயிலுமா நாள் முழுக்க ஓட்டறவங்களுக்கு அது வேணும். தினம் சாயங்காலம் வீடு திரும்பறவங்களுக்கு அந்தக் காசு அதிகம்.

தெரியாம யாரும் மாட்டிக்கக் கூடாதுன்னு ஒரு எச்சரிக்கை: அதே கார்மின்ல இன்ரீச்னு ஒரு வரிசை இருக்கு. டவர் இல்லாத இடத்துல இருந்தும் செயற்கைக்கோள் வழியா செய்தி அனுப்பும். இந்தியாவுல அனுமதி இல்லாம அதை வச்சிருந்தா கேஸ். வழி மட்டும் காட்டற ஜூமோவுக்கு அந்தச் சிக்கல் இல்ல. வெளிநாட்டுல இருந்து சொந்தக்காரங்க மூலம் வரவழைக்கிறவங்க மாடல் பேரைச் சரியா பாருங்க.

பென்னாகரம் களப்பணியாளர்:
தம்பி, கிராமத்துச் சுகாதாரப் பணில ஸ்கூட்டர்ல சுத்தறேன், அந்தக் கொட்டாய் பிரச்சினை எனக்கும் தினமும் உண்டு. கவுண்டர் கொட்டாய், புதூர், மோட்டூர்னு தேடினா எந்த மேப்பாலயும் சரியான பதில் சொல்ல முடியாது. பேர் வச்சுத் தேடறதையே விட்டுடுங்க. எண் வச்சு வேலை செய்யுங்க.

விவசாயி போன் பண்ணதும் வாட்ஸ்அப்ல லொகேஷன் கேளுங்க, ஆனா போர்வெல்கிட்ட நின்னு அனுப்பச் சொல்லுங்க. வீட்ல உக்காந்துக்கிட்டு அனுப்பினா வீட்டுக்குத்தான் போய்ச் சேருவீங்க, தோட்டம் எங்கயோ இருக்கும். அனுப்பறதுக்கு முன்னாடி எத்தனை மீட்டர் துல்லியம்னு அந்த ஸ்க்ரீன்லயே காட்டும். அது சின்ன எண்ணா குறையற வரைக்கும் வெட்டவெளில கொஞ்ச நேரம் நிக்கச் சொல்லுங்க.

வந்த இடத்தைத் திறந்தா ரெண்டு எண் (அட்சரேகை, தீர்க்கரேகை) இருக்கும். நம்ம பக்கம் முதல் எண் பெரும்பாலும் 12ல தொடங்கும், அரூர், தொப்பூர் பக்கம் 11ம் வரும். ரெண்டாவது 77 இல்லன்னா 78. தருமபுரி டவுன் 12.13, 78.16 கிட்ட, கிருஷ்ணகிரி 12.52, 78.21 கிட்ட. புள்ளிக்கு அப்புறம் நாலு இலக்கம் இருந்தா சுமார் 11 மீட்டருக்குள்ள வந்துடும், அஞ்சு இருந்தா ஒரு மீட்டர் அளவு. நோட்டுல எழுதும்போது நாலு இலக்கத்துக்குக் குறைக்காதீங்க. ரெண்டு எண்ணையும் இடம் மாத்திப் போட்டா ஆர்க்டிக்ல நார்வேயோட ஸ்வால்பார்டு தீவுங்க பக்கம் கொண்டுபோய் நிறுத்தும். அப்படி எங்கயாவது வந்தா பதறாம எண்ணைத் திருப்பிப் போடுங்க.

நான் ஓஎஸ்எம்ஆண்ட்ல ஒவ்வொரு வீட்டையும் என் பேர்லயே சேமிச்சு வச்சிருக்கேன்: “புளியமரம் தாண்டி ரெண்டாவது கேட்” மாதிரி. டவர் இல்லாமலே திறக்கும். அதை ஜிபிஎக்ஸ் கோப்பா (இடங்களைச் சேமிச்சு மத்த மேப் செயலிக்கும் கொடுக்கற கோப்பு) எடுத்து என்கூட வேலை செய்யறவங்களுக்கும் அனுப்பறேன். இந்தப் பட்டியல்தான் எனக்குக் கருவியை விடப் பெருசு.

அஞ்செட்டி உள்ளூர்:
அண்ணா, எங்க ஊர்ப் பக்கம் வர்றதா சொன்னதால எழுதறேன். கருவி எதுவா இருந்தாலும் அது காட்டற குறுக்கு வழில திரும்பாதீங்க. இருசக்கர வாகன மோடுல போட்டா வண்டி நுழையற சந்தெல்லாம் வழின்னு எடுத்துக்குது. கார் மோடுல போட்டா பெரும்பாலும் தார் ரோட்டுலயே கூட்டிட்டுப் போகும். ஓஎஸ்எம்ஆண்ட்லயும் ஜூமோலயும் மண் ரோட்டைத் தவிர்க்கச் சொல்ற அமைப்பு இருக்கு, அதைப் போட்டு வைங்க.

சுத்தி இருக்கிற காடு காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம், 2014ல அறிவிச்சது. மேப்ல கோடு இருக்குன்னு உள்ள போனா வனத்துறை அனுமதி இல்லாம நுழைஞ்ச கணக்குதான். ராகி அறுவடை நேரத்துல பன்னேர்கட்டா பக்கம் இருந்து யானைக் கூட்டம் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை காட்டுக்கு இறங்கும். இருட்டினதுக்கு அப்புறம் மலைப்பாதைல வழி தேடிக்கிட்டு நிக்கிற நிலை வேணாம். நாலு மணிக்கெல்லாம் வேலையை முடிச்சுட்டுக் கிளம்புங்க, இல்லன்னா அஞ்செட்டிலயே தங்கிக்கலாம்.

ராயக்கோட்டை சொட்டுநீர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஜூமோ எண்ணத்தை விட்டுட்டேன். வீட்ல சும்மா கிடந்த பழைய போனை எடுத்து சிம் இல்லாம பைக்குக்குன்னே வச்சுட்டேன். கேமரா சாதாரணம், போனாலும் கவலை இல்ல. ரெண்டு மாநில மேப்பும் இறக்கி, பேட்டரி சேவரை அணைச்சாச்சு. எலெக்ட்ரீஷியன் அண்ணன் சொன்ன மாதிரி ஃபியூஸும் ரிலேவும் போட்டு சாக்கெட்டைத் திரும்ப ஒயரிங் பண்ணினேன், சார்ஜ் குறி இப்ப அசையல. நாட்றாம்பாளையம் வரைக்கும் ரோடு தெளிவா வந்துச்சு. பென்னாகரம் அக்கா சொன்ன பட்டியலையும் தொடங்கிட்டேன், முதல்ல கெலமங்கலம் பக்கத் தோட்டங்க.

வெயில் மட்டும் இன்னும் தீரல. பதினொரு மணிக்கு மேல ஸ்க்ரீன் மங்கிடுது.

பாலக்கோடு ரைடர்:
அது போன் தன்னைக் காப்பாத்திக்க வெளிச்சத்தைக் குறைக்கிறது. ரப்பர் கவரைக் கழட்டுங்க, பின்பக்கம் காத்து படற மாதிரி திறந்த மவுண்ட் போடுங்க. உச்சி வெயில்ல சார்ஜையும் நிறுத்தி வைங்க, சார்ஜ் ஏறும்போதுதான் உள்ள அதிகம் சூடாகும். காலைலயே முழுசா ஏத்திட்டுக் கிளம்பினா மத்தியானம் வரை தாங்கும். முக்கியமா ஸ்க்ரீனைப் பார்க்கறதையே குறைங்க. திருப்பம் வரும்போது குரல் சொல்லட்டும். ஹெல்மெட்டுக்குள்ள ஒட்டற சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர் போதும், சத்தத்தைக் குறைச்சு வச்சா ஹாரனும் கேக்கும். 2020 அக்டோபர்ல வந்த விதிப்படியும் வண்டி ஓட்டும்போது போனை வழி பார்க்க மட்டும்தான் உபயோகிக்கலாம், அதுவும் கவனம் சிதறாம.

ராயக்கோட்டை சொட்டுநீர்:
தமிழ்ல சொல்லுமா ப்ரோ?

பாலக்கோடு ரைடர்:
கூகுள் மேப்ஸ்ல சொல்லும். அமைப்புல வழிகாட்டும் குரல்னு இருக்கிற இடத்துல தமிழைத் தேர்ந்தெடுங்க. ஓஎஸ்எம்ஆண்ட்ல போன்ல இருக்கிற பேச்சுக் குரலை எடுத்துக்கும், அதனால போன்ல தமிழ்க் குரல் கோப்பு இறங்கியிருக்கணும். அதையும் வைஃபை இருக்கும்போதே இறக்கிட்டு, தேன்கனிக்கோட்டை போறதுக்கு முன்னாடி ஃபிளைட் மோடுல போட்டு ஒரு தெரு ஓட்டிப் பாருங்க.