டெல்லிக்குத் திங்கட்கிழமை போய் மாட்டிக்கொண்ட கதை – உங்களுடையதையும் சொல்லுங்கள்

பிப்ரவரி நடுவில் அப்பாவை டெல்லிக்கு அழைத்துப் போனேன். அப்பா ஓய்வு பெற்ற புவியியல் வாத்தியார். வரைபடத்தில் ஆயிரம் தடவை குச்சியால் தொட்டுக் காட்டிய ஊரை எழுபத்திரண்டு வயதில்தான் நேரில் பார்க்கிறார். திங்கள் காலை முதல் வேலையாக மெட்ரோ ஏறி லால் கிலா ஸ்டேஷனில் இறங்கினால், செங்கோட்டை சாத்திக் கிடக்கிறது. வாசலில் நின்ற காவலர் நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே "மண்டே பந்த்" என்றார். சரி, தேசிய அருங்காட்சியகம்? திங்கள் விடுமுறை. ரயில் மியூசியம்? அதுவும். தாமரைக் கோயில்? அதுவும். ராஷ்டிரபதி பவன் தோட்டம் பிப்ரவரியில் திறந்திருக்கும், ஆனால் திங்களன்று கிடையாது. திட்டம் போட்டவன் நான். அப்பா ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை, அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

"ஜந்தர் மந்தர் இருக்கா பாரு" என்றார். இருந்தது. கன்னாட் பிளேஸிலிருந்து நடக்கிற தூரம்தான். ஜெய்ப்பூர் ராஜா இரண்டாம் ஜெய் சிங் 1724-ல் கட்டிய வானியல் கூடம். எனக்கு அது போராட்டம் நடக்கிற இடமாகத்தான் தெரியும். உள்ளே சாம்ராட் யந்திரம் என்று பிரம்மாண்டமான முக்கோணச் சுவர், சாய்வில் படிக்கட்டு, இரண்டு பக்கமும் வில்போல வளைந்த மேடைகள். காலையில் சுவரின் நிழல் மேற்கு வளைவில் விழும், மதியம் கடந்தால் கிழக்குக்கு மாறும். மாறுகிற நேரம்தான் உண்மையான உச்சிப்பொழுது.

அப்பா வாட்சைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். 12 மணி ஆயிற்று, நிழல் இன்னும் மேற்கிலேயே. 12:20, அப்போதும் அங்கேயே. செல்ஃபி எடுக்க வந்த இரண்டு கல்லூரிப் பையன்கள், இந்தப் பெரியவர் எதற்காகச் சுவரையே முறைக்கிறார் என்று பக்கத்தில் வந்து நின்றார்கள். 12:35 சுமாருக்கு நிழல் சுவரோடு சுவராக ஒட்டிக் காணாமல் போய், மறுபக்கம் நூல் கனத்துக்கு எட்டிப் பார்த்தது. அப்பா ஆங்கிலத்தில் வகுப்பையே தொடங்கிவிட்டார். இந்திய நேரத்துக்குக் கணக்கு 82½ டிகிரி தீர்க்கரேகை. டெல்லி இருப்பது 77 சொச்சத்தில். டிகிரிக்கு 4 நிமிஷம் என்றால் 21 நிமிஷம் போச்சா? மீதி 14 நிமிஷம், பூமி சூரியனைச் சுற்றும் வேகம் ஒரே சீராக இல்லாததாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும். அது பிப்ரவரி நடுவில்தான் உச்சம். பையன்களில் ஒருவன் தன் போனை எடுத்து மணி பார்த்துவிட்டு, "தோ யே கலத் ஹை?" என்றான். அப்போ இது தப்பா என்று. அப்பா அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்துப் பார்த்து எனக்கு வருஷக்கணக்கு ஆகிறது.

உங்களுக்கு டெல்லியில் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள். எல்லாரும் போடுகிற பட்டியல் வேண்டாம்.

* * *

திங்கள் விஷயத்தில் நானும் உங்கள் கட்சி. ஆனால் ஹுமாயூன் கல்லறையும் குதுப் மினாரும் திங்களன்றும் திறந்திருக்கும், அதை விட்டுவிட்டீர்களே.

குதுப் வளாகத்து இரும்புத் தூண் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு ஆல்பத்தில் 1988-ல் எடுத்த படம் இருக்கிறது. சித்தப்பா தூணுக்கு முதுகைக் காட்டி, இரண்டு கையையும் பின்னால் வளைத்துக் கட்டிப்பிடிக்க முயல்கிறார். விரல்கள் தொட்டுக்கொண்டால் நினைத்தது நடக்குமாம். சித்தப்பாவுக்கு அரை சாண் குறைந்துவிட்டது. போன வருஷம் அதே படத்தை எடுக்கலாம் என்று அவரைக் கூட்டிப் போனேன். சுற்றிலும் கம்பிவேலி. கை பட்டுப் பட்டுத் தேய்கிறது என்று 1997-லேயே போட்டுவிட்டார்களாம். 1,600 வருஷம் வெயிலிலும் மழையிலும் நின்று பெரிதாகத் துருப்பிடிக்காத இரும்பு. அதில் பாஸ்பரஸ் அதிகம் என்பதால் மேலே மெல்லிய படலம் உருவாகிக் காக்கிறது என்கிறார்கள். சித்தப்பாவுக்கு அதெல்லாம் காதிலேயே விழவில்லை. "இப்ப தொப்பை வேற, எப்படியும் எட்டியிருக்காதுடா" என்று சொல்லிவிட்டு வேலிக்கு வெளியே நின்று போஸ் கொடுத்தார்.

மினாருக்கு உள்ளே ஏற முடியாது. 1981-ல் படிக்கட்டு நெரிசலில் 45 பேர் இறந்ததிலிருந்து மூடியே இருக்கிறது.

* * *

புது டெல்லி ரயில் நிலைய வாசலில், "கவுன்ட்டர் மாறிவிட்டது, வாங்க காட்டுகிறேன்" என்று யாராவது அன்பாக வந்தால் நின்றுகூடப் பேசாதீர்கள். நான் பின்னால் போய் ஒரு டிராவல்ஸ் கடையில் உட்கார்ந்து, இல்லாத ரயிலுக்குப் பணம் கட்டிவிட்டு வந்தவள். இதற்கு மேல் எழுதினால் வயிறு எரியும்.

* * *

பங்களா சாஹிப் குருத்வாராவை யாரும் சொல்லவில்லையே. சீக்கியர்களின் எட்டாம் குரு ஹர் கிருஷண் 1664-ல் தங்கிய இடம். தலையை மூடிக்கொண்டு, செருப்பைக் கொடுத்துவிட்டு, கால் கழுவிவிட்டுப் போக வேண்டும். லங்கரில், அதாவது அங்கே போடும் இலவசப் பொதுச் சாப்பாட்டில், எல்லாரும் தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவது. ரொட்டி கொண்டுவந்தவரிடம் நான் நம்ம ஊர்ப் பழக்கத்தில் தட்டை நீட்டினேன். அவர் போடவே இல்லை, சும்மா நின்றார். பக்கத்தில் இருந்த சர்தார் தாத்தா என் இரண்டு கையையும் பிடித்துச் சேர்த்து, ஏந்துகிற மாதிரி வைத்துவிட்டார். அப்புறம்தான் ரொட்டி விழுந்தது.

சாப்பிட்டு முடித்ததும் சமையல்கூடத்தில் போய் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ரொட்டி தேய்த்தேன். யார் வேண்டுமானாலும் செய்யலாம், ஏன் எதற்கு என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் தேய்த்தது இலங்கை வரைபடம்போல வந்தது. எதிரில் இருந்த அம்மா அதை எடுத்து, நான்கே தட்டில் வட்டமாக்கி, ஒன்றும் சொல்லாமல் திரும்பக் கல்லுக்கு அனுப்பினார்.

* * *

பதிவு போட்டவன்தான். எல்லாவற்றையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். குருத்வாராவும் இரும்புத் தூணும் பார்க்கணுமாம். ஆனால் நவம்பர் முதல் வாரத்தில்தான் வருவாராம். அப்போது பூமியின் கணக்கு தலைகீழாகி, அதே சுவரில் உச்சி 12:05-க்கே வந்துவிடுமாம். நவம்பர் டெல்லிப் புகைமூட்டத்தில் நிழல் விழ வேண்டுமே அப்பா என்றேன்.

"நீ டிக்கெட் போடு. திங்களா இருந்தாலும் பரவாயில்லை" என்கிறார்.