பிள்ளைகளை விட்டுவிட்டுப் போன அம்மாக்கள்: நீங்கள் நேரில் பார்த்தது என்ன?

கச்சான் காத்து

2011, ஆனி மாதம். ராமநாதபுரம் புது பஸ் ஸ்டாண்டில் மண்டபம் வண்டிக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் திருச்சி வண்டி கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் இருந்த ஒரு பெண், "தம்பி, மண்டபம் பக்கமா போறீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மடியில் இருந்த பாலித்தீன் கவரைப் பிரித்து ஒரு ரேஷன் கார்டை ஜன்னல் வழியாக நீட்டினார். உள்தாள் மேல் உள்தாள் ஒட்டித் தடித்துப்போன பழைய கார்டு.

"சர்ட்டிபிகேட்டை எடுக்கிறப்ப இதுவும் சேந்து வந்துருச்சு. நாளைக்கு எங்க கடையில சீமெண்ணெய் ஊத்துவாங்க. வீட்டுல குடுத்துருங்க தம்பி, விலாசம் அதுலயே இருக்கு."

வேறெதுவும் சொல்லவில்லை. வண்டி எடுத்துவிட்டது. கார்டை வாங்கும்போது பார்த்தேன், வலது கையில் ஆறேழு கண்ணாடி வளையல், இடது கை மொட்டை. இத்தனை வருஷத்தில் முகம் மறந்துவிட்டது, கை மறக்கவில்லை.

ஊர்ப் பேர் வேண்டாம், மண்டபத்துக்கு முன்னால் ஒரு கிராமம். தேடிப் பிடித்துப் போனேன். திண்ணையில் ஒரு பாட்டி. எட்டு ஒன்பது வயசில் ஒரு பெண் பிள்ளை, அதன் இடுப்பில் ஒரு கைக்குழந்தை. நான் விஷயத்தைச் சொன்னதும் பாட்டி தலையில் அடித்துக்கொண்டார். அந்தப் பிள்ளை கார்டை வாங்கிப் புரட்டி, இந்த மாதக் கட்டத்தில் இன்னும் பேனா படவில்லை என்று பார்த்துக்கொண்டது. தம்பியைக் கீழே இறக்கிவிட்டு சீமெண்ணெய்க் கேனை எடுத்துக் கழுவ ஆரம்பித்தது. கடை மறுநாள்தான். ஆனாலும் கழுவியது.

உள்ளேயிருந்து ஒரு ஆள் லுங்கியைக் கட்டிக்கொண்டே வந்தார். "எந்த வண்டி?" என்றார். திருச்சி வண்டி என்று சொல்லிவிட்டேன். எத்தனை மணிக்கு என்றார். அதையும் சொன்னேன். பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நான் சொல்லியிருக்கக் கூடாதோ?

கேணிக்கரை ஜெராக்ஸ்

எங்கள் கடைக்கு வளைகுடா போகிற பெண்கள் நிறைய வருவார்கள். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஆதார் காபி, பள்ளிக்கூட டி.சி. காபி. எமிகிரேஷன் கிளியரன்ஸ் வேண்டிய பாஸ்போர்ட்டில் வீட்டு வேலைக்குப் போக 30 வயது முடிந்திருக்க வேண்டும். அதனால் காபி எடுக்கும்போதே என் கண் தன்னால் பிறந்த வருஷத்துக்குப் போய்விடும். கெட்ட பழக்கம்.

2018 இருக்கும். உச்சிப்புளிப் பக்கத்து அக்கா ஒருவர், கூட இரண்டு பையன்கள். குவைத்துக்கு இரண்டு வருஷ ஒப்பந்தம். எல்லா காபியும் எடுத்து முடிந்த பிறகு, "ரெண்டு வெள்ளைத் தாள் குடுங்க" என்றார். தரையில் தாளை விரித்து, பெரியவனை அதன்மேல் நிற்கவைத்து, பேனாவால் காலைச் சுற்றி வரைந்தார். அடுத்து சின்னவன். அவனுக்குக் கூச்சம் தாங்கவில்லை. சிரித்துத் துள்ளியதில் சுண்டுவிரல் கிட்டே கோடு வெளியே ஓடிவிட்டது. அங்கிருந்து ஷூ வாங்கி அனுப்ப அளவாம்.

அப்புறம் என்னிடம் கேட்டார், "இதைக் கொஞ்சம் பெருசாக்கித் தர முடியுமா தம்பி? வாங்கப் போறது ரெண்டு வருசம் கழிச்சுல்ல."

முடியும், எவ்வளவு என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பையன்கள் இரண்டு பேரும் மெஷினையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். 115 சதவீதம் போட்டேன். தாள் வெளியே வந்ததும் பெரியவன் அதன்மேல் ஏறி நின்று, "நான் இவ்வளவு பெருசாயிருவேனா?" என்றான்.

நாலு காபி, எட்டு ரூபாய். வாங்கிக் கல்லாவில் போட்டேன். அதுதான் உறுத்துகிறது.

பாசிக்காரி, சின்னப்பாலம்

கச்சான் அண்ணே, கேட்டதால் சொல்கிறேன். சொல்லியிருக்கக் கூடாது. ஒரு கையில் வளையல் நிறைய இருந்து மறு கை மொட்டையாக இருந்தால் என்ன அர்த்தம்? அந்தக் கையைப் பிடித்து யாரோ முறுக்கியிருக்கிறார்கள், வளையல் நொறுங்கியிருக்கிறது. எந்தப் பொம்பளையைக் கேட்டாலும் ஒரு நொடியில் சொல்லியிருப்பாள். நீங்கள் வண்டியோடு மணியையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறீர்கள்.

கோபமாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும். எங்களோடு கடல்பாசி எடுக்க வந்தவள் ஒருத்தியும் அப்படிப் போனவள்தான். நாங்கள் ஐந்து பேர் ஒரு செட்டு. ஒருநாள் விடியக்காலையில் நாலு பேர்தான் வள்ளத்தடியில் நின்றோம். கூப்பிடப் போனால் வீட்டு வாசலில் தண்ணிக்குள் பார்க்க மாட்டுகிற அவளுடைய முகக் கண்ணாடியும், காலில் கட்டுகிற தகரமும், விரலில் சுற்றுகிற துணியும் ஒழுங்காக மடித்து வைத்திருந்தது. துணியைத் துவைத்து வேறு வைத்திருந்தாள். கடலுக்குப் போகிறவள் துணியைத் துவைத்தா வைப்பாள்? அப்போதே புரிந்துவிட்டது. யாரும் வாய் திறக்கவில்லை. அவள் புருஷன் கேட்டபோது, "முன்னாடியே தீவுக்குப் போயிட்டா போல" என்றேன். அந்தப் பொய்க்காக நான் இதுவரை வருத்தப்பட்டதில்லை.

வக்கீல் குமாஸ்தா (ஓய்வு)

ஜெராக்ஸ் தம்பி சொன்னதற்கும் மற்ற இரண்டுக்கும் சம்பந்தமில்லை. பிழைக்கப் போவது வேறு, கோபித்துக்கொண்டு போவது வேறு. இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டக் கூடாது.

நான் பார்த்தது சின்ன விஷயம். கோர்ட் வராந்தாவில், வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் பிள்ளையைப் பார்க்கலாம் என்று உத்தரவு வாங்கிய ஒரு அம்மா. ஆறு வயதுப் பையன். அந்த ஒரு மணி நேரத்தில் முக்கால் மணி நேரம் அவனுக்கு நகம் வெட்டினார். கை முடிந்து கால், கால் முடிந்து திரும்பக் கை. பேசவே இல்லை.

ஆனால் இங்கே படிக்கிறவர்களுக்கு நாலு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். வீட்டைவிட்டு வெளியே வந்துவிட்டால் பிள்ளை மீது உரிமை போய்விட்டது என்று ஊரில் சொல்வார்கள். தவறு. இந்துக்களுக்கு 1956ஆம் வருஷச் சட்டம் 6ஆம் பிரிவில், ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. அதற்கு மேற்பட்ட வயதென்றாலும் கோர்ட் பார்ப்பது பிள்ளையின் நலனைத்தான், யார் முதலில் வாசல் தாண்டினார்கள் என்பதை அல்ல. அடி உதை என்றால் 2005ஆம் வருஷ குடும்ப வன்முறைச் சட்டத்தில் மாஜிஸ்திரேட்டே பிள்ளையைத் தற்காலிகமாகத் தாயிடம் ஒப்படைக்க உத்தரவு போடலாம். அதே சட்டத்தில் அந்த வீட்டிலேயே இருக்கிற உரிமையும் உண்டு. ஜீவனாம்சம் முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த புதுச் சட்டத்தில் 144. தகுந்த காரணம் இருந்து பிரிந்து வாழ்ந்தால் ஜீவனாம்சம் கேட்கலாம். வக்கீலுக்குப் பணம் இல்லை என்று யாரும் சும்மா இருக்க வேண்டாம், பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுத்தால் போதும். ராத்திரி நேரம் என்றால் 181. பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098. கிளம்பும்போது எடுக்க வேண்டியது கல்யாணப் பத்திரிகை, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, ஆஸ்பத்திரிச் சீட்டு. ரேஷன் கார்டு இல்லை. ஆனால் பழைய கார்டில் பெயரை நீக்காமல் வேறு கார்டில் சேர முடியாது, ஆகவே வட்ட வழங்கல் அலுவலகத்தில்

(தொடர்ச்சி பிறகு போடுகிறேன், பேத்தி போனைக் கேட்கிறாள்.)

தங்கச்சிமடம்

ஐயா, சட்டம் எல்லாம் சரி. எங்கள் அப்பாவும் கோர்ட்டுக்குப் போகவில்லை, அம்மாவும் போகவில்லை. நான் அப்படி விட்டுவிட்டுப் போன பிள்ளைகளில் ஒருத்தி. தலைப்பில் 'விட்டுவிட்டு' என்று இருக்கிறது. சரி, இருக்கட்டும்.

எனக்கு அப்போது பத்து வயது. மீன்பிடித் தடைக்காலம், போட்டெல்லாம் கரையில் நின்றது, வீட்டில் காசில்லை, தினமும் சண்டை. அம்மா போன அன்று எதை எடுத்துக்கொண்டு போனார் என்று ஊரே பேசியது, நகை அது இது என்று. எடுத்துப் போனது அரிவாள்மனை. அது அவருடைய அம்மா சீராகக் கொடுத்தது. ஒரு வாரம் நாங்கள் பக்கத்து வீட்டு அரிவாள்மனையில்தான் மீன் வெட்டினோம். அவர்களும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தாமதித்துத்தான் கொடுப்பார்கள்.

கச்சான் அண்ணனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் அப்பாவிடமும் யாரோ வந்து, மதுரை மாட்டுத்தாவணியில் பார்த்தேன் என்றார்கள். அப்பா போனார். நாலு நாள் அங்கேயே சுற்றிவிட்டு வந்தார். அடிக்கப் போனாரா அழைக்கப் போனாரா என்று நான் கேட்டதில்லை. திரும்பி வந்தவர் கையில் ஒரு புது அரிவாள்மனை இருந்தது. பாசிக்காரி அக்கா சொல்வதும் சரிதான். ஆனால் தேடிப் போகிற எல்லா ஆளும் ஒரே மாதிரி இல்லை.

2022இல் திருப்பூரில் அம்மாவைப் பார்த்தேன். லைன் வீடு. நான் வருகிறேன் என்று பாறை மீன் வாங்கி வைத்திருந்தார். அதே அரிவாள்மனையில் உட்கார்ந்து வெட்டினார். அலகு நடுவில் பிறை மாதிரி உள்வாங்கித் தேய்ந்திருந்தது. அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை, அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் தேய வேண்டிய இரும்பு. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "உனக்கு வேணுமா? எடுத்துட்டுப் போ" என்றார். வேண்டாம், எங்கள் வீட்டில் இருக்கிறது என்றேன்.

மீன் நன்றாக இருந்தது.

கச்சான் காத்து

பாசிக்காரி அக்கா, நீங்கள் சொல்லித்தான் வளையல் விஷயம் உறைக்கிறது. 14 வருஷம் அந்தக் கையை நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன், ஒரு தடவைகூட ஏன் என்று யோசிக்கவில்லை. இதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அரிச்சல்முனை வேன்

எல்லாரும் இந்தப் பக்கத்து அம்மாக்களைச் சொல்கிறீர்கள். 2022இல் அக்கரையில் பால்மாவுக்கும் பெட்ரோலுக்கும் வரிசை நின்ற சமயம், தலைமன்னாரிலிருந்து போட்டில் ஆட்களைக் கொண்டுவந்து மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போனார்கள், ஞாபகம் இருக்கும். ஒரு காலையில் நான் முதல் டிரிப் அடிக்கப் போனபோது, கரைக்கு வந்து சேர்ந்த நாலு பேரை வைத்துக்கொண்டு போலீஸ்காரர் ஒருவர் நின்றார். அவர்கள் ஜீப் வர நேரமாகும் என்று என் வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

அதில் ஒரு அம்மா தனி ஆள். பிள்ளைகள் இரண்டும் அங்கே பாட்டியிடம். போட்டுக்குக் கொடுத்த பணம் ஒரு ஆளுக்குத்தான் போதுமாக இருந்ததாம். முதலில் தான் வந்து ஒரு இடம் பார்த்துவிட்டுக் கூப்பிடலாம் என்று வந்திருக்கிறார்.

அரிச்சல்முனையில் நம் சிம்முக்குச் சிக்னல் தடுமாறும், இலங்கை சிக்னல் சில நேரம் நன்றாகக் கிடைக்கும், அங்கே போனவர்களுக்குத் தெரியும். அந்த அம்மா கையில் அந்தப் பக்கத்துச் சிம்தான். வண்டியில் ஏறும்போதே பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தார். "ஓம் அம்மா, வந்திட்டன், சாப்பிட்டியளோ" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் சின்னக் குரல் எங்களுக்கும் கேட்டது. பழைய தனுஷ்கோடி சர்ச் தாண்டும்போது குரல் உடைய ஆரம்பித்தது. நான் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தேன். பின்னால் யாரும் இல்லை, இருபதில் ஓட்டினேன். போலீஸ்காரர் என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. முகுந்தராயர் சத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால், "அம்மா, கேக்குதோ? அம்மா, கேக்குதோ?" என்று இரண்டு தடவை வந்தது. மூன்றாவது வரவில்லை.

"வண்டியைக் கொஞ்சம் பின்னால எடுக்க ஏலுமோ அண்ணா?" என்று கேட்டார். போலீஸ்காரர் வெளியே பார்த்தார். நான் எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம், மிஞ்சிப்போனால் ஐந்து நிமிஷம்.

அப்புறம் மண்டபம் முகாமில் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பார்கள். பிள்ளைகள் வந்தார்களா என்று விசாரிக்கவில்லை. முகாம் வாசலைத் தாண்டித்தான் தினமும் போகிறேன்.

வக்கீல் குமாஸ்தா (ஓய்வு)

தொடர்ச்சி: வட்ட வழங்கல் அலுவலகத்தில் பெயர் நீக்கத்துக்கு மனு கொடுக்க வேண்டும். இப்போது ஸ்மார்ட் கார்டு வந்த பிறகு ஆன்லைனிலும் செய்யலாம். கார்டில் பதிந்திருக்கிற போன் நம்பருக்குத்தான் ஓ.டி.பி. போகும், அங்கேதான் சிக்கல். புருஷன் போனுக்கு ஓ.டி.பி. போனால், பொண்டாட்டி எங்கேயோ கார்டு போடுகிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். ஆகவே நேரில் போவது நல்லது. 2011 காலத்தில் இது இன்னும் கஷ்டம். கச்சான் தம்பி கொண்டுபோய்க் கொடுத்த கார்டில் அந்த அம்மாவின் பெயர் அநேகமாகப் பல வருஷம் இருந்திருக்கும். அந்த வீட்டுக்கு அவர் தலைக்கும் சேர்த்துத்தான் அரிசி போட்டிருப்பார்கள்.

பாசிக்காரி, சின்னப்பாலம்

ஐயா, இதை யார் கேட்டார்கள்?

(கடைசி வரியைத் தவிர. அது எனக்குத் தோன்றவில்லை.)

அரிச்சல்முனை வேன்

ஜெராக்ஸ் தம்பி, அந்த ஷூ வந்ததா?

கேணிக்கரை ஜெராக்ஸ்

வந்தது அண்ணே. இரண்டு வருஷம் என்று போனவர், கொரோனா குறுக்கே வந்து, அப்புறம் முதலாளி வீட்டில் விடவில்லை என்று நாலு வருஷம் ஆகிவிட்டது. பெரியவன் பிளஸ் ஒன் சேர போட்டோ எடுக்க வந்தபோது சொன்னான். சின்னவனுக்குச் சரியாக இருந்ததாம், இவனுக்குக் குதிகால்கூட நுழையவில்லையாம். பெட்டியோடு அலமாரி மேல் இருக்கிறதாம்.

அன்றைக்கு போட்டோவுக்குக் காசு வேண்டாம் என்றேன். அவன் கேட்கவில்லை, வைத்துவிட்டுப் போனான்.