குடிபோதை வழக்கில் ‘எந்தக் கவுண்டி?’ என்ற கேள்வி: அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கேள்வி: நாங்கள் ஆல்ஃபரெட்டாவுக்குக் குடிவந்து ஆறு மாதம் ஆகிறது. மது அருந்திவிட்டு மெக்கின்னிஸ் ஃபெரி சாலையில் கார் ஓட்டியதாக என் அறைத்தோழர் இரண்டு வாரத்துக்கு முன் கைது செய்யப்பட்டார். அந்தச் சாலை ஃபுல்டன், ஃபோர்சித் கவுண்டிகளின் (நம் ஊர் மாவட்டம் போன்ற பிரிவுகளின்) எல்லையில் செல்வதால், எந்தக் கவுண்டி என்று அரசுத் தரப்பால் நிரூபிக்க முடியாது, வழக்கு தானாகவே விழுந்துவிடும் என்று அலுவலகத்தில் ஒருவர் சொல்கிறார். இதை நம்பி வழக்கறிஞர் வைக்காமல் இருக்கலாமா?

பதில்: இருக்கக் கூடாது. ஆனால் அலுவலக நண்பர் சொன்னது முழுக் கட்டுக்கதையும் அல்ல. பாதி உண்மை என்பதால்தான் அது ஆபத்தானது.

ஜார்ஜியாவில் 159 கவுண்டிகள் உள்ளன. குற்றம் எந்தக் கவுண்டியில் நடந்ததோ அந்தக் கவுண்டியில்தான் வழக்கு விசாரிக்கப்பட வேண்டும் என்று மாநில அரசியலமைப்புச் சட்டமே கூறுகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் ‘குற்றவாளி அல்ல’ என்று சொன்ன கணத்திலிருந்து, வண்டியை ஓட்டினார் என்பதையும் போதையில் இருந்தார் என்பதையும் போலவே, அது இந்தக் கவுண்டியில் நடந்தது என்பதையும் நியாயமான ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பைச் சேர்கிறது. எதிர்த்தரப்பு இதைப் பற்றி வாயே திறக்காவிட்டால் சிறிதளவு சான்றே போதும் என்று முன்பு ஒரு வழக்கம் இருந்தது. 2000-ஆம் ஆண்டில் மாநில உச்ச நீதிமன்றம் அதை ஒழித்துவிட்டது. எல்லா மாநிலங்களிலும் இப்படி இல்லை. டெக்சாஸில் இடத்தைப் பொறுத்தவரை சான்றின் எடை ஒரு பக்கம் சற்றே கூடுதலாகச் சாய்ந்தால் போதும். கலிபோர்னியாவில் அதை ஜூரி (பொதுமக்களிலிருந்து அமர்த்தப்படும் நடுவர் குழு) அல்ல, நீதிபதியே முடிவு செய்கிறார். ஆகவே வேறு மாநிலத்து உறவினரின் அனுபவத்தை இங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

பெரும்பாலான வழக்குகளில் இதை நிரூபிக்க ஒரே ஒரு கேள்வி போதும். “நீங்கள் விவரித்த இவை அனைத்தும் ஃபுல்டன் கவுண்டியில்தான் நடந்தனவா?” என்று அரசு வழக்கறிஞர் கேட்பார், “ஆம்” என்று காவல் அதிகாரி சொல்வார், அவ்வளவுதான். அந்தக் கேள்வியைக் கேட்க மறந்துவிடும்போதுதான் சிக்கல் எழுகிறது. சாலையின் பெயரை மட்டும் சொன்னால் போதாது, ஏனென்றால் ஒரே சாலை பல கவுண்டிகளில் ஓடும். 285 நெடுஞ்சாலை ஃபுல்டன், டிகாப், காப், கிளேட்டன் என நான்கு கவுண்டிகளைத் தொட்டு அட்லாண்டாவைச் சுற்றி வருகிறது. நகரத்தின் பெயரும் போதாது, அட்லாண்டா நகரமே ஃபுல்டனிலும் டிகாப்பிலும் பரவிக் கிடக்கிறது. அதிகாரி எந்தக் கவுண்டியில் வேலை பார்க்கிறார் என்பது மட்டும் இடத்தை நிரூபித்துவிடாது என்றும் நீதிமன்றங்கள் கூறியுள்ளன. மாநில ரோந்துக் காவலர் என்றால் அவருக்கு மாநிலம் முழுவதும் அதிகாரம் உண்டு. அவருடைய சீருடையிலிருந்து கவுண்டியை ஊகிக்கவே முடியாது. நம் ஆட்கள் பலர் தவறும் இடம் அஞ்சல் முகவரி: ‘ஆல்ஃபரெட்டா’ என்று முகவரி எழுதும் வீடுகளில் ஒரு பகுதி ஃபோர்சித் கவுண்டியில் இருக்கிறது.

இனி உங்கள் அறைத்தோழரின் வழக்குக்கு வருகிறேன். எல்லைச் சாலை என்பது அவருக்குச் சாதகம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். உண்மையில் அது பாதகமாகவும் முடியலாம். இரு கவுண்டிகளின் எல்லைக் கோட்டிலோ அதை ஒட்டியோ குற்றம் நடந்தால், இரண்டில் எந்தக் கவுண்டியிலும் நடந்ததாகக் கருதலாம் என்று ஜார்ஜியா சட்டம் சொல்கிறது. ஓடும் வாகனத்தில் நடந்த குற்றம் எந்தக் கவுண்டியில் நடந்தது என்று எளிதில் கண்டறிய முடியாவிட்டால், அந்த வாகனம் கடந்து வந்த, குற்றம் நடந்திருக்கக்கூடிய எந்தக் கவுண்டியிலும் விசாரிக்கலாம் என்றும் விதி உண்டு. போதையில் ஓட்டுவது ஒரு புள்ளியில் நடந்து முடியும் செயல் அல்ல என்பதால், ஒரு கவுண்டியில் ஓட்டி அடுத்த கவுண்டியில் நிறுத்தப்பட்டவர் இரண்டிலுமே ஓட்டியவர்தான்.

மேலும் இது எப்போது எழுப்ப வேண்டிய வாதம் என்பதிலும் நுணுக்கம் இருக்கிறது. அரசுத் தரப்புச் சாட்சியம் முடிந்ததும் இடம் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி விடுதலை கேட்டால், அதிகாரியை மீண்டும் கூண்டுக்கு அழைத்து அந்த ஒரு கேள்வியைக் கேட்க நீதிபதி அனுமதிக்கலாம். அதனால் ஜூரியிடம் இறுதி வாதத்தில் சொல்வதா, மேல்முறையீட்டுக்கு விட்டுவைப்பதா என்பதை வழக்கறிஞர்தான் அந்த நேரத்தில் கணிக்க வேண்டும். மேல்முறையீட்டில் வென்றாலும், சரியான கவுண்டியில் மறுவிசாரணை நடத்தத் தடையில்லை. மத்திய அரசு வழக்குகளிலும் இதே நிலைதான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டால் இந்த வாதமே கையில் இருக்காது.

கேள்வி: நன்றி ஐயா. இந்தியாவில் இடம் தவறானாலும் தீர்ப்பு நிற்கும் என்று படித்திருக்கிறேன். அதனால்தான் குழப்பம். இப்போது நாங்கள் முதலில் செய்ய வேண்டியது என்ன?

பதில்: நீங்கள் படித்தது சரிதான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 462-ஆம் பிரிவின்படி, நீதி தவறியதாகக் காட்டினாலன்றி, தவறான இடத்தில் விசாரித்தார்கள் என்பதற்காக மட்டும் தீர்ப்பை ரத்து செய்ய முடியாது. இங்கே அளவுகோல் வேறு.

முதல் வேலை கவுண்டி அல்ல, நாள்காட்டி. மூச்சு அல்லது இரத்தப் பரிசோதனையை மறுத்ததாலோ இரத்தத்தில் மதுவின் அளவு 0.08 சதவீதத்தைத் தொட்டதாலோ உரிமத்தை இடைநிறுத்தும் அறிவிப்பைக் காவலர் கொடுத்திருந்தால், அதை எதிர்த்து விசாரணை கோர 30 நாள்தான் அவகாசம். குற்ற வழக்கு எந்த நீதிமன்றத்தில் இருந்தாலும் இந்தக் கெடு தனியாக ஓடிக்கொண்டிருக்கும். அடுத்தது விசா. கைது ஒன்றை வைத்தே, தண்டனை வராதபோதும், அமெரிக்க வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்யலாம். அப்படி ரத்தானால் அமெரிக்காவுக்குள் இருக்கும் வரை எச்-1பி (வேலை விசா) தகுதி தானாகப் போகாது என்றாலும், ஊருக்குப் போனால் புதிய விசா வாங்கித்தான் திரும்ப முடியும். அதற்கு முன் மருத்துவப் பரிசோதனையும் கேட்பார்கள். ஆகவே குற்ற வழக்கு வழக்கறிஞரோடு குடிவரவு வழக்கறிஞரையும் பார்த்துவிட்டுப் பயணச்சீட்டு எடுங்கள்.

எங்கிருந்து கிளம்பினார், எந்தத் திருப்பத்தில் நிறுத்தப்பட்டார் என்பதை உங்கள் அறைத்தோழர் நினைவிருக்கும்போதே எழுதி வழக்கறிஞரிடம் மட்டும் கொடுக்கட்டும். வாட்ஸாப் குழுவில் வரைபடம் போட்டு விளக்க வேண்டாம்.