அப்பத்தா வீட்டுக் கூட்டம் (மதுரை), 14 ஏப்ரல் 2020

10:48 கோமதி அத்தை: எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். ஊரடங்கு மே 3 வரை என்று சொல்லிவிட்டார்கள். கவிதா வளைகாப்புக்கு இனி யாரும் மெட்ராஸ் போக முடியாது.

10:49 பிரபு: பாஸ்?

10:49 செல்வம் சித்தப்பா: கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி. வளைகாப்புக்கு இல்லை.

10:53 கோமதி அத்தை: சரி, பிள்ளைக்குப் போர்வையாவது தைப்போம். அம்மாவின் அரக்குச் சுங்குடிச் சேலை யாரிடம் இருக்கிறது?

11:36 சுந்தரம் பெரியப்பா: காலை வணக்கம். வீட்டிலேயே இருக்கும் இந்த நேரத்தில் மாடித்தோட்டம் போடுங்கள். சிறுகீரை 25 நாளில் பறிக்கலாம். பையில் செம்மண், தேங்காய்நார்க் கழிவு, மக்கிய எரு கலந்து, அடியில் இரண்டு ஓட்டை. மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்த பிறகுதான் தெளிக்க வேண்டும். நான் நேற்று வெண்டையும் ஊன்றிவிட்டேன்.

11:37 செல்வம் சித்தப்பா: ஆடிப்பட்டம் தேடி விதை 🙏

11:38 சுந்தரம் பெரியப்பா: வெண்டை வெயில் தாங்கும் தம்பி.

11:39 வள்ளி சித்தி: வெண்டை தாங்கும். கீழே எங்கள் கூரைதான் தாங்கவில்லை. போன வருஷம் நீங்கள் ஊற்றிய தண்ணீர் பீரோ மேலேயே சொட்டியது.

11:40 பிரபு: 😂

11:44 வள்ளி சித்தி: சுங்குடி அந்த பீரோவில்தான் இருந்தது. முந்தியில் சாயம் இறங்கிவிட்டது.

11:44 கோமதி அத்தை: உன்னிடமா?

11:45 கோமதி அத்தை: பதினாறாம் நாள் கேட்டேனே. இல்லை என்றாயே.

11:52 சுந்தரம் பெரியப்பா: மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் துணியைக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவார்கள்.

11:53 செல்வம் சித்தப்பா: அண்ணே, கறை யாருடையது?

11:57 பெரியம்மா: தையல் மெஷின் என்னிடம் இருக்கிறது, ஆனால் முகக்கவசம் தைத்துக்கொண்டிருக்கிறேன். எலாஸ்டிக் எங்கும் இல்லை. பாவாடை நாடாதான்.

12:01 கோமதி அத்தை: மெஷின் வேண்டாம் மதினி. இரண்டு பழைய வாயில் சேலையை உள்ளே மடித்து, மேலே சுங்குடி. விரல் அகலத்துக்கு ஒரு வரிசை ஓட்டுத்தையல். முடிச்சை உள்ளே தள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் பிள்ளை முதுகில் உறுத்தும். கறைப் பக்கத்தை வெட்டிவிடலாம்.

12:02 வள்ளி சித்தி: வெட்டுவதா?

12:03 கவிதா அக்கா: அத்தை, இங்கே வேர்த்து ஊற்றுகிறது. போர்வையா?

12:03 கோமதி அத்தை: உனக்கில்லை.

12:10 பிரபு: மீனாட்சி கொடியேற்றம் 25தானே? நடக்குமா?

12:11 செல்வம் சித்தப்பா: பார்ப்போம்.

12:20 சுந்தரம் பெரியப்பா: பச்சடிக்கு வேப்பம்பூ யாருக்கு வேண்டும்? மாடியிலிருந்து கூடையில் இறக்குகிறேன்.

12:21 வள்ளி சித்தி: இறக்குங்கள். காலையில் செடிக்கு எத்தனை குடம் ஊற்றினீர்கள் என்றும் சொல்லுங்கள்.

12:29 கோமதி அத்தை: வள்ளி, முந்தியை மட்டும் ஒரு போட்டோ எடுத்துப் போடு.