பவுடர் மெஷர் தேர்வு: ஒரு கேஸில் மட்டும் வெடிமருந்து விழாமல் போனது – அனுபவப் பகிர்வு

ஆஸ்டின், டெக்சஸ்

நேராக விஷயத்துக்கு வருகிறேன். 2021இல் கடையில் 9 எம்எம் தோட்டாப் பெட்டி கிடைக்காமல் அலைந்தபோதுதான் ரீலோடிங், அதாவது சுட்ட பித்தளைக் கேஸில் மறுபடி வெடிமருந்தும் குண்டும் வைத்துத் தோட்டா செய்வது, ஆரம்பித்தேன். சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ், ஐம்பது குழி உள்ள மரப்பலகை, கைப்பிடியைச் சுழற்றினால் கேஸில் அளவாக மருந்து விழும் டிரம் வகை மெஷர். மெஷர் புதிது, பெட்டி பிரித்த அன்றே மாட்டியது. முதல் ஐந்து முறை தராசில் நிறுத்துப் பார்த்தேன், 0.1 கிரெய்ன்கூட (மருந்து நிறுக்கும் மிகச் சிறிய எடை அலகு) மாறவில்லை. அந்தத் தைரியத்தில் மீதியை நிறுக்காமலே போட்டுக் குண்டை வைத்து மூடிவிட்டேன்.

ரேஞ்சில் இருபதாவது குண்டோ என்னவோ. ‘டமார்’ என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘பொட்’ என்று ஒரு சத்தம். கை உதறவில்லை, கைத்துப்பாக்கியின் ஸ்லைடும் நகரவில்லை. சரி, கெட்டுப்போன தோட்டா என்று நினைத்து ஸ்லைடை இழுத்தேன். பழைய கேஸ் கீழே விழுந்தது, அடுத்த தோட்டா உள்ளே ஏறிவிட்டது. விரல் டிரிகருக்குப் போகும்போது பக்கத்து வரிசைப் பெரியவர், முன்பின் தெரியாதவர், நிறுத்தச் சொல்லிக் கத்தினார். காது மூடியைத் தாண்டிக் கேட்டது.

தோட்டாவை எடுத்துவிட்டுக் குழலின் வாய் வழியாக ஒரு பித்தளைக் கம்பியை விட்டார். பாதியில் நின்றது. குழல் வாயில் கம்பியைக் கட்டைவிரலால் பிடித்து, அப்படியே உருவி, ஸ்லைடின் மேல் வைத்துக் காட்டினார். அவர் கட்டைவிரல் நகத்துக்கும் கம்பி முனைக்கும் நடுவே இரண்டு அங்குலம்தான் இருந்தது. அதற்குப் பின்னால்தான் குண்டு உட்கார்ந்திருந்தது. பின்னாலேயே இன்னொன்றைச் சுட்டிருந்தால் குழல் வீங்கியிருக்கும், வெடித்தும் இருக்கலாம்.

ஒரு கேஸுக்கு மட்டும் மெஷர் ஏன் மருந்தைத் தரவில்லை? வேறு மெஷர் வாங்கலாம் என்றிருக்கிறேன். உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

மினியாபொலிஸ், மினசோட்டா

அண்ணா, உங்கள் பதிவைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. என் விஷயம் ஹாப்பர், மெஷரின் தலையில் மருந்தைக் கொட்டி வைக்கும் பிளாஸ்டிக் குடுவை. ஒரு இரவு பாதி வேலையில் ஊரிலிருந்து போன் வந்தது, அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று. அப்படியே எழுந்து போனவன் மூன்று வாரம் கழித்துத்தான் திரும்பினேன்.

பேஸ்மெண்டில் விளக்கைப் போட்டால் ஹாப்பரில் முக்கால்வாசி மருந்து அப்படியே இருந்தது. பிளாஸ்டிக், மருந்து பட்ட உயரம் வரைக்கும் மங்கிப் பழுப்பேறியிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. மேஜையில் இரண்டு டப்பா இருந்தன, இரண்டிலும் பந்து வடிவப் பொடி, கண்ணுக்கு ஒரே மாதிரி. அன்று எதைக் கொட்டினேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. ஒன்று கைத்துப்பாக்கிக்கு, மற்றது ரைஃபிளுக்கு. அந்தக் குளிரில் வெளியே போய் ஹாப்பரில் இருந்ததை எல்லாம் புல்வெளியில் மெல்லிசாகத் தூவிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு வாங்கிய மெஷரைத் துல்லியம் பார்த்து வாங்கவில்லை. ஹாப்பரை ஒரு கையால் கழற்றி டப்பாவில் கவிழ்க்க முடிகிறதா என்று மட்டும்தான் பார்த்தேன்.

ஃபீனிக்ஸ், அரிசோனா

ஆஸ்டின் நண்பரே, மெஷரைக் குறை சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என்னிடம் இருப்பது பழைய லைமன் 55 மெஷர். ஒரே ஒரு முறை ஒரு கேஸ் குறைவாக விழுந்தது. மருந்து முழுதாக இறங்க மெஷரில் இருக்கும் அடிக்கட்டையை நான் தட்ட மறந்த முறை அது. அவ்வளவுதான் என் கதை.

இனி நீங்கள் கவனிக்க வேண்டியது. இந்தக் கருவிகள் எடை பார்ப்பதில்லை, கொள்ளளவுதான் பார்க்கின்றன. ஊரில் படியால் அரிசி அளந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். படியைக் குலுக்கினால் இன்னும் ஒரு பிடி கொள்ளும், குலுக்காமல் தலை தட்டினால் குறையும். மெஷரும் அப்படித்தான். கைப்பிடியை ஏற்றுவதும் இறக்குவதும் ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் இருக்க வேண்டும், முடிவில் ஒரே மாதிரி தட்ட வேண்டும். ஹாப்பரில் மருந்து குறையக் குறைய மேலிருந்து அழுத்தும் பாரமும் குறையும். அதனால் அந்தப் பாரத்தைத் தாங்கும் பேஃபிள் தகடு உள்ளே வையுங்கள், மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள். மெஷரை மாட்டும் மேஜை ஆடக்கூடாது. முதல் பத்தைத் திரும்ப ஹாப்பரிலேயே கொட்டுங்கள். அப்புறம் பத்து போட்டு மொத்தமாக நிறுத்துப் பத்தால் வகுங்கள், சரியான அளவு தெரிந்துவிடும்.

இன்னொன்று, மருந்தின் வடிவம். பந்துப் பொடி தண்ணீர் மாதிரி ஓடும். செதில் வடிவம் சுமார். குச்சி வடிவம் குழாயில் குறுக்கே நின்று பாலம் கட்டும். 9 எம்எம் போன்ற சின்ன கேஸுக்குக் கொஞ்சம் போட்டாலே பாதிக்கு மேல் நிரப்புகிற, பருமனான மருந்தாகப் பாருங்கள். தவறி இரண்டு முறை விழுந்தால் வழிந்து கண்ணில் படும்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன், 2021இல் எல்லோரும் வாங்கிக் குவித்தோம். தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 495ஆம் எண் விதிப்படி வீட்டில் அசல் டப்பாவில் 20 பவுண்டு மருந்து வரைதான் அப்படியே வைக்கலாம். அதற்கு மேல் 50 வரை என்றால் ஓர் அங்குலத் தடிமனுள்ள மரப்பெட்டி வேண்டும். உங்கள் ஊர் விதி இன்னும் கடுமையாக இருக்கலாம், விசாரியுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி. அந்தக் கேஸில் விழாத மருந்து எங்கே போயிருக்கும்? மீதித் தோட்டாக்களைச் சுட்டுவிட்டீர்களா?

கொலராடோ ஸ்பிரிங்ஸ்

ஃபீனிக்ஸ் சார், கடைசிக் கேள்விக்கு நன்றி, எனக்கும் அதுதான் முதலில் தோன்றியது. ஆனால் பத்து போட்டு வகுக்கச் சொன்னதை நான் ஏற்க மாட்டேன். ஒன்றில் குறைந்து அடுத்ததில் கூடினால் சராசரி சரியாகத்தான் வரும். ஆஸ்டின்காரரின் கேஸைத் தப்பவிடுவதும் அதே கணக்குதான். பத்தையும் தனித்தனியாக நிறுத்து, எழுதி, மிகக் குறைந்ததற்கும் மிகக் கூடியதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். மெஷரின் குணம் அந்த வித்தியாசத்தில்தான் தெரியும்.

என் கதை .308 ரைஃபிள் தோட்டாவில். மருந்து ஐஎம்ஆர் 4064, நீளக் குச்சி. கைப்பிடியை இறக்கும்போது நடுவில் ‘நறுக்’ என்று ஒரு தடை. காய்ந்த முருங்கைக் குச்சியை ஒடிக்கிற மாதிரி மணிக்கட்டில் தெரியும். டிரம்மின் விளிம்பு குச்சிகளை வெட்டுகிறது. அந்த ‘நறுக்’ வந்த கேஸ்களுக்கு ஒரு மாலை மார்க்கரால் புள்ளி வைத்தேன், நிறுக்கவும் செய்தேன். ஒன்று 0.3 கிரெய்ன் கூட, ஒன்று 0.4 குறைவு. வராதவை எல்லாம் 0.1க்குள். 600 கஜத்தில் என் குண்டுகள் மேலும் கீழுமாக ஏன் சிதறின என்று இரண்டு மாதமாகத் தேடிய பதில் மணிக்கட்டிலேயே இருந்திருக்கிறது.

இப்போது மெஷரில் வேண்டுமென்றே 0.5 குறைவாகப் போட்டு, தராசுத் தட்டிலேயே டிரிக்ளரால் சொட்டுச் சொட்டாக நிரப்புகிறேன். ஏ அண்ட் டி நிறுவனத்தின் FX-120i தராசு 0.001 கிராம் வரை காட்டும், சுமார் 0.015 கிரெய்ன். 4064இல் ஒரு குச்சி விழுந்தாலும் எண் நகர்கிறது. கைத்துப்பாக்கிக்கு இவ்வளவு வேண்டாம். நீளக் குச்சிக்கு வேண்டும். எந்த மருந்து என்று முடிவு செய்யாமல் எந்த மெஷர் என்று கேட்டால் நான் என்ன சொல்ல முடியும்?

எடிசன், நியூ ஜெர்சி

ஒரே கேள்வி. வார்ப்பிரும்பு மெஷரா? துருப் பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவி அனுப்புவார்கள். அதைக் கழுவினீர்களா? நான் கழுவவில்லை. டிரம்மின் உள்சுவரில் செதில்கள் ஈரத் தேயிலை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. ஆல்கஹாலில் துடைத்துக் காயவைத்து, ஒரு டப்பா மருந்தை முழுவதும் ஓடவிட்டேன். மருந்தின் மேல் உள்ள கிராஃபைட் சுவரில் படிந்த பிறகுதான் சீராக விழ ஆரம்பித்தது.

ஆஸ்டின், டெக்சஸ்

எல்லோருக்கும் நன்றி. மீதி முப்பது தோட்டா டப்பாவிலேயே இருந்தன, சுடவில்லை. நேற்று இரவு புல்லர் சுத்தியலை எடுத்து ஒவ்வொன்றாகத் தட்டிக் குண்டை உருவி மருந்தை நிறுத்தேன். எல்லாம் 4 கிரெய்னுக்குப் பக்கத்தில். பத்தொன்பதாவதை உருவும்போதே கேஸின் வாய்க்குச் சற்றுக் கீழே வரை மருந்து தெரிந்தது. தட்டில் கொட்டினேன்: 7.6.

பெரியவர் அன்று சேம்பரிலிருந்து எடுத்து என் சட்டைப் பையில் போட்ட தோட்டா தனியாக இருந்தது. அதையும் பிரித்தேன். 4.1.

அப்புறம் மெஷரைக் கழற்றினேன். எடிசன் நண்பர் சொன்னது சரி. டிரம்மின் குழியில் விரலை விட்டால் பிசுபிசுப்பு, விரல் நுனியெல்லாம் கறுப்புச் செதில். புது மெஷர் வாங்குவதை நிறுத்தி வைத்திருக்கிறேன். இதைக் கழுவி ஆணியில் மாட்டியிருக்கிறேன், இன்னும் காயவில்லை. மருந்து போட்ட பிறகு பலகையின் மேல் பிடித்துப் பார்க்க ஒரு டார்ச் வாங்கினேன். ஐம்பது கேஸையும் ஒன்றாகப் பார்க்காமல் இனி ஒரு குண்டுகூட வைக்கப் போவதில்லை.

அந்தப் பெரியவரின் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன். இந்தச் சனிக்கிழமை அதே நேரத்துக்கு ரேஞ்சுக்குப் போகிறேன், அந்த 7.6ஐப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டும்.